ஊகத்தின் அரசியல்: படம் பார்த்துச் சொல் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை முன்வைத்து

விளையாட்டைப் பற்றி எழுதினால் நம்ம சிறுபத்திரிகை வட்டாரத்தில் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். 'வேற வேலை இல்லையா தோழர்' என்று கேட்பார்கள். சினிமாவைப் பற்றி எழுதலாம், தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக்கூட இப்போது எழுதலாம். நாலு நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் கோணல்மாணலாக ஒரு படம் போட்டு, 'என்னன்னு சொல்லு பாப்போம்' என்று ஆடுவதில் எழுத என்ன இருக்கிறது? எங்கள் குழுவில் நடந்த ஒரு சம்பவம் இல்லாவிட்டால் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

2020 ஊரடங்கில், மே மாதம் தொடங்கினோம். எட்டுப் பேர். பெரும்பாலோர் ஒரே கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள், இருவர் அச்சுக்கோப்பு வேலை, ஒருவர் தொழிற்சங்கம், மற்றவர்கள் வாத்தியார்கள். எல்லாருமே ஏதோவொரு இயக்கத்தின் வாசலையாவது மிதித்தவர்கள். ஆடியது ஸ்கிரிபிள்.ஐஓ. ஒருவருக்கு மூன்று சொற்கள் வரும். ஒன்றைத் தேர்ந்து வரையவேண்டும். மற்றவர்கள் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். எண்பது வினாடி. முதலில் கண்டுபிடிப்பவருக்கு அதிக மதிப்பெண். பக்கத்திலேயே கூகுள் மீட்டில் குரலும் ஓடிக்கொண்டிருக்கும். 1985இல் அமெரிக்காவில் ராபர்ட் ஏஞ்சல் என்பவர் பெட்டியில் போட்டு விற்ற பிக்ஷனரியின் வாரிசு இது. 2012இல் 'டிரா சம்திங்' என்ற பெயரில் ஒரு செயலி வந்து ஐம்பதே நாளில் ஐந்து கோடிப் பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதும் இந்த வம்சாவளியில் சேர்த்தி. வரலாறு இவ்வளவு போதும்.

எங்களுக்கு முதல் சிக்கல் மொழியில் வந்தது. நாங்கள் ஆடியபோது இருந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் சொந்தச் சொற்களை நாமே உள்ளிட்டுக்கொள்ளலாம். உற்சாகமாக இருநூறு முந்நூறு தமிழ்ச் சொற்களைத் தட்டிப் போட்டோம். ஆட்டம் தொடங்கியதும் திரையின் மேலே சொல்லின் நீளத்தைக் காட்டும் கோடுகள் வரும், எழுத்துக்கொரு கோடு. 'கொக்கு' என்ற சொல்லுக்கு எத்தனை கோடு வரவேண்டும்? மூன்று. வந்தது ஆறு. யந்திரத்தின் கணக்கில் க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, மறுபடி க, புள்ளி தனி, இன்னொரு க, உகரக் குறி. நேரம் போகப்போகத் துப்பாக ஓர் 'எழுத்தை' அது திறந்து காட்டும். எங்களுக்குத் திறந்து காட்டியது பல நேரம் ஒரு வெற்றுப் புள்ளியை, அல்லது எதிலும் ஒட்டாமல் தொங்கும் ஒரு கொம்பை.

சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு யோசித்தால் விஷயம் அவ்வளவு சின்னதல்ல. தமிழ் இலக்கணத்துக்கு 'க்' முதல். அது அகரத்தோடு சேர்ந்து 'க' ஆகிறது. யூனிகோடில் தலைகீழ். அங்கே 'க' முதல். அதன்மேல் புள்ளி என்ற தனிக் குறியைப் போட்டு 'க்' செய்கிறார்கள். தேவநாகரியை மனதில் வைத்து வகுத்த இஸ்கியின் (1988) அடுக்குமுறையை யூனிகோடு அப்படியே வாங்கிக்கொண்டதன் விளைவு இது. தொல்காப்பியம் முப்பதும் மூன்றும் என்று எண்ணிய இடத்தில் யந்திரம் வேறொன்றை எண்ணுகிறது. 'எழுத்து' என்றால் எது என்று முடிவு செய்யும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை எம்.ஏ. வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கொக்கு சொல்லித்தந்தது. போகப்போக நாங்களும் யந்திரத்தின் கணக்குக்குப் பழகிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு கோடு தெரிந்தால் 'மூணெழுத்தா இருக்கும்' என்று வாய் தானாகச் சொல்லியது. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

அடுத்து, படம். படம் பார்த்துச் சொல் கண்டுபிடிப்பது நமக்குப் புதிதல்ல. விஜய் டிவியில் ஜெகன் நடத்திய 'கனெக்ஷன்' நிகழ்ச்சியில் இரண்டு மூன்று படங்களைக் காட்டி, அவற்றின் பெயர்களை ஒட்டவைத்து ஒரு சினிமாப் பெயரையோ பாட்டையோ கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பிறகு அதுவே வாட்ஸாப்பில் எமோஜிகளாக வந்தது. தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்று சொல்வதன் தெருவோர வடிவம் இது. அந்தப் படத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது, ஒலிக்குத்தான் சம்பந்தம். கனவை ஃபிராய்ட் பட விடுகதையோடு ஒப்பிட்டதும் இந்த அர்த்தத்தில்தான். படத்தைப் படமாகப் பார்த்தால் அபத்தம், ஒவ்வொரு படத்தின் இடத்திலும் ஓர் அசையையோ சொல்லையோ வைத்துப் படித்தால் வாக்கியம். குறிப்பான் குறிப்பீட்டிலிருந்து நழுவி விளையாடுகிற சுதந்திரம் அதில் உண்டு.

ஸ்கிரிபிள் வகை ஆட்டத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. குறிப்பான் குறிப்பீட்டோடு ஒட்டியே ஆகவேண்டும். அதுவும் எண்பது வினாடிக்குள். ஆக, வரைபவன் தான் கண்ட பொருளை வரைவதில்லை. எதை வரைந்தால் எதிரே இருப்பவன் உடனே சொல்லிவிடுவானோ அதை வரைகிறான். சொல்பவனும் படத்தை ஊகிப்பதில்லை. இவன் இந்தச் சொல்லுக்கு என்ன போடுவான் என்று நண்பனை ஊகிக்கிறான். ஆட்டம் நடப்பது இருவருக்கும் பொதுவாக ஏற்கெனவே இருக்கிற ஒரு கிடங்கில். 'கிராமம்' என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை. 'பெண்' என்றால் பொட்டும் சடையும். எங்களில் இரண்டு பெண்கள் சடை போடாதவர்கள். அவர்களும் சடைதான் போட்டார்கள்.

ஒருநாள் ஒரு நண்பருக்கு 'வீடு' வந்தது. சதுரம், மேலே முக்கோணம், நடுவில் கதவு என்றால் மூன்றே வினாடியில் முடிகிற சொல். அவர் ஒரு தட்டையான பெட்டி போட்டார். பக்கத்தில் அதேமாதிரி இன்னொரு பெட்டி, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. முன்னால் ஒற்றைப் படி. யாருக்கும் பிடிபடவில்லை. ரயில் பெட்டி, தீப்பெட்டி, கடை, கல்லறை என்றெல்லாம் அடித்தோம். நேரம் முடிந்து விடை தெரிந்தபோது ஒருவர் 'இது வீடாய்யா?' என்றார். 'எங்க தெருவுல இப்பிடித்தான் இருக்கும்' என்றார் அவர். காலனியில் அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகள். எங்கள் எட்டுப் பேரில் முக்கோணக் கூரைக்குக் கீழே வசிப்பவர் ஒருவருமில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் யாருமே வசிக்காத வீட்டை எல்லாரும் உடனே அடையாளம் காண்கிறோம், ஒருவர் வசிக்கிற வீட்டை ஒருவராலும் காண முடியவில்லை. அவருக்கு அந்தச் சுற்றில் மதிப்பெண் பூஜ்யம்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சம்பவம். வேறொருவர் வரைகிறார். ஒரு மனித உருவம், கையில் துடைப்பம், பக்கத்தில் தள்ளுவண்டி. மேலே கோடுகள் பதினொன்று, ஓர் இடைவெளி, பிறகு எட்டு. சொல், 'துப்புரவுத் தொழிலாளி'. பத்து எழுத்துக்குப் பத்தொன்பது கோடு. அரட்டைப் பெட்டியில் முதலில் வந்து விழுந்தது ஒரு சாதிப் பெயர். அடித்தவர் எங்கள் எல்லாரையும்விட அதிகம் படித்தவர். இரண்டு பேர் சிரித்தது மீட்டில் கேட்டது. ஒருவர் சரியான விடையை அடித்தார். தொகுப்பு வீடு வரைந்த நண்பரின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சரியான விடையை அடித்தால் அது மற்றவர்களுக்குத் தெரியாது. 'இன்னார் கண்டுபிடித்துவிட்டார்' என்று மட்டும் வரும். தவறான விடைகள்தான் எல்லார் கண்ணிலும் படும்படி வரிசையாக நிற்கும். அதாவது ஓர் ஆட்டம் முடிந்ததும் திரையில் எஞ்சியிருக்கும் பிரதி முழுக்க முழுக்கத் தவறுகளால் ஆனது. நம் நனவிலியைச் சேகரிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அன்றைய பிரதியில் அந்தச் சாதிப் பெயர் மேலே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு வந்த சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது, 'வேகத்துல வந்துருச்சு'. உண்மைதான், வேகத்துக்குத்தானே மதிப்பெண். ஆனால் வேகத்தில் எது வருகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவது, 'அது ஒரு கெஸ் தானே, உள்நோக்கம் இல்ல'. இங்கேதான் அந்தக் கோடுகள் முக்கியமாகின்றன. அவர் அடித்த பெயர், யந்திரக் கணக்கில் எப்படி எண்ணினாலும், பத்தொன்பது கோட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒற்றைச் சொல், மேலே இருந்ததோ இரண்டு சொல். மூன்று வாரமாக ஆடிப் பழகிய எங்களுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்க வழியில்லை. கோடிட்ட இடத்தில் பொருந்தாது என்று தெரிகிற ஒன்றை அடித்தால் அது ஊகம் ஆகாது. அந்தப் படத்துக்கு அவர் பெயர் சூட்டினார். நான் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. என் மனதிலும் அதே பெயர் ஓடியது. கோடுகளை எண்ணியதால் அடிக்காமல் விட்டேன். வேறு காரணம் எதுவும் அந்த நிமிஷத்தில் இருந்ததாக நினைவில்லை.

மூன்றாவது சமாதானம், 'இது ஒரு விளையாட்டு, இதுல போய்'. இதைச் சொல்பவர்கள் விளையாட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாதவர்கள். 2003இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன் என்பவர் இ.எஸ்.பி. ஆட்டம் என்று ஒன்றைச் செய்தார். முன்பின் அறியாத இருவருக்கு இணையத்தில் ஒரே படத்தைக் காட்டுவார்கள். இருவரும் பேசிக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஆள் சொற்களை அடித்துக்கொண்டே போகவேண்டும். ஒரே சொல்லை இருவரும் அடித்துவிட்டால் வெற்றி. அந்தச் சொல் அந்தப் படத்தின் அடையாளச் சீட்டாகிவிடும். 2006இல் கூகுள் இதை உரிமம் வாங்கித் தன் படத் தேடலுக்கு வைத்துக்கொண்டு 2011வரை நடத்தியது. கூலி? மதிப்பெண்தான். உழைப்பை விளையாட்டாக மாற்றி உபரியை எடுத்துக்கொண்டு போகிற இந்த வித்தையை மார்க்சியர்கள் இன்னும் விரிவாக எழுதவேண்டும். எனக்கு இங்கே வேண்டியது வேறொன்று. ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமலிருக்க, முன்பு கிடைத்த சொற்களை 'விலக்கப்பட்டவை' என்று பட்டியலிட்டு, புதுச் சொல் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பின்னால் என்ன காட்டினார்கள் என்றால், படத்தைப் பார்க்காமலே, அந்த விலக்கப்பட்ட சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணினி நிரல் இந்த ஆட்டத்தைப் பெருமளவு வெற்றியோடு ஆடமுடியும் என்று. நான் முன்னே சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2016இல் கூகுள் 'குயிக், டிரா!' என்று இன்னொன்று கொண்டுவந்தது. இருபது வினாடியில் நாம் வரைய, யந்திரம் ஊகிக்கும். 345 வகைகளில் ஐந்து கோடிப் படங்கள் சேர்ந்தன. ஷூ என்றதும் பெரும்பாலோர் விளையாட்டு வீரர் அணிகிற மாதிரியையே போட்டதால், பெண்கள் அணியும் உயர்ந்த குதிகால் ஷூவை யந்திரத்துக்கு ஷூவாகத் தெரியவில்லை. இதைக் கூகுளே 2017இல் உதாரணமாகச் சொன்னது. தொகுப்பு வீட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. மனிதர்களுக்குப் பெயர் வைக்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2019இல் டிரெவர் பாக்லனும் கேட் கிராஃபோர்டும் 'இமேஜ்நெட் ரூலெட்' மூலம் காட்டினார்கள். ஒரு முகப்படத்தைக் கொடுத்தால், ஆய்வாளர்கள் பல வருஷமாகப் பயன்படுத்திவந்த படத்தொகுப்பின் சீட்டுகளைக் கொண்டு அது ஒரு பெயர் சொல்லும். வசவுகளும் இனவெறிச் சொற்களும் வந்தன. அதற்குப் பிறகு அத்தொகுப்பிலிருந்து ஆறு லட்சம் படங்கள் அளவில் நீக்கப்பட்டன. அங்கே யந்திரத்துக்கு அந்தப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தவர்கள் கூலிக்குச் சீட்டு ஒட்டிய மனிதர்கள். எங்கள் அறையில் கூலிகூட இல்லை.

நாங்களும் நீக்கத்தான் செய்தோம். மறுநாள் வாட்ஸாப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. 'யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்' என்ற வழக்கமான வாசகம். யாரோ ஒருவர் சொற்பட்டியலிலிருந்து 'துப்புரவுத் தொழிலாளி'யை எடுத்துவிட்டார். யார் எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருப்பார். நான் நண்பருக்குப் போன் செய்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை. 'அந்தச் சொல்ல ஏன்யா எடுத்தீங்க? அது நான் போட்ட சொல்லு' என்றார். தொழிற்சங்கத்தில் அவர் பத்து வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினையைப் பார்ப்பவர். எவனாவது வரைந்து பார்க்கட்டும் என்று வேண்டுமென்றேதான் சேர்த்திருந்தாராம். துடைப்பம் இல்லாமல் வரைய முடியுமா என்று பார்க்கவேண்டும் என்றிருந்தாராம். வண்டி இழுத்து, கையுறை இல்லாமல், சம்பளம் மூன்று மாசம் பாக்கி நிற்கிற ஆளை எண்பது வினாடியில் எப்படிப் போடுவது என்று அவருக்கே விடை தெரியவில்லை என்றும் சொன்னார்.

ஜூன் கடைசியில் ஒருமுறை கூடினோம். நேரத்தைக் கூட்டினால் மண்டையில் முதலில் வருவதை அடிக்கிற பழக்கம் குறையும் என்று ஒருவர் சொல்ல, நூற்றெண்பது வினாடி வைத்தோம். நண்பரும் வந்திருந்தார். அவர் முறை வந்தது. ஒரு மனிதர், குனிந்தபடி ஏதோ செய்துகொண்டிருக்கிறார். நிதானமாகப் போட்டார். பெட்டியில் யாரும் எதுவும் அடிக்கவில்லை. அரை நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று. எல்லார் விரலும் எனக்குப் போலவே நின்றிருக்கவேண்டும். 'என்னப்பா, ஆளு இருக்கீங்களா?' என்று மீட்டில் கேட்டார். இருக்கிறோம் என்றோம். விடை 'நாற்று நடுதல்'.