மாடி ஷெட்டுக்குப் போகும் டி.வி.

ஹாலுக்கு 55 அங்குலத்தில் புது டி.வி. வந்ததும் பழைய 32 அங்குலத்தை என்ன செய்வது? நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: மாடிக்குக் கொண்டு போ. மொட்டை மாடியில் ஏற்கெனவே ஷீட் போட்டிருக்கும். படிக்கட்டு அறையின் வெளிச்சுவர் காலியாகக் கிடக்கும். லைட்டுக்கு இழுத்த வயரும் அங்கேயே இருக்கும். தனி வீடு என்றால் சிட்-அவுட், தோட்டத்துப் பக்கத் தாழ்வாரம். டீக்கடை என்றால் முகப்பு. வீட்டுக்குள் ஓடுவதற்கென்றே செய்த சாதாரண டி.வி., பக்கங்கள் திறந்த ஒரு கூரைக்கடியில் போய் மாட்டிக்கொள்கிறது. ‘மேலேதான் கூரை இருக்கே’ என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம்.

இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. கூரை தடுப்பது தலைக்கு நேர் மேலிருந்து விழும் மழையை மட்டுமே. வெளியில் வைத்த டி.வி.யைக் கெடுப்பவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து வருவதில்லை.

முதலில், மாடிக்குப் போகும் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மாடியில் காற்று வரும். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். சாதாரண 32 அங்குல எல்.இ.டி. டி.வி. பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. குடும்பம் மொத்தமும் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்த்தால் உடம்புக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

இன்னொரு பயனை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். டி.வி. நம் கிராமங்களுக்குள் நுழைந்தபோது அது பொது இடத்துச் சாமான். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பிய ‘சைட்’ சோதனையில், ஊருக்கு ஒரு டி.வி.யைச் சுற்றி ஊரே கூடியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் பின்னால் வந்த ஆண்டுகளில் இங்கும் ஊராட்சி டி.வி. வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அதன் முன்னால் மண் தரையில் உட்கார்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீட்டுக்கும் 14 அங்குலப் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. அது நியாயமான காரியம். ஆனால் சேர்ந்து பார்ப்பது அத்தோடு அருகிப்போனது. இன்று ஆளுக்கு ஒரு போனாகிவிட்ட வீட்டில், மாடியில் டி.வி. ஓடுகிறது என்றால் எதிர்வீட்டுப் பையன்கள் ஏறி வருகிறார்கள், தாத்தா நாற்காலியோடு வருகிறார். இதை நான் சின்ன லாபமாக நினைக்கவில்லை.

அந்த ஊராட்சி டி.வி.யிடம் ஒரு பாடமும் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கதவு வைத்த பெட்டிக்குள்ளோ, தனியாகக் கட்டிய சிறு அறைக்குள்ளோ வைத்திருப்பார்கள். நிகழ்ச்சி நேரத்துக்குத் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டுவார்கள். திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடுதான். ஆனாலும் சாரலையும் தூசியையும் அது சேர்த்தே தடுத்தது. இன்றைய மாடி டி.வி.க்கு அந்தக் கதவு இல்லை.

கதவில்லாத இடத்தில் மழை எவ்வளவு உள்ளே வரும்? ஷீட்டின் விளிம்பு எட்டடி உயரத்தில் இருக்கிறது, காற்றில் மழை 45 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். தரையில் எட்டடி உள்ளே வரை நனையும். ஐந்தடி உயரத்தில் மாட்டிய டி.வி., விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் இருந்தால் நேராக நனையும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் சென்னை, கடலூர், நாகையில் வடக்கும் கிழக்கும் திறந்த ஷெட் ஆபத்து. தென்காசியில் சாரல் மேற்கிலிருந்து வரும். புயல் வந்தால் கணக்கே வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனையோ வீடுகளின் கூரையையே கொண்டுபோனது. மாடி டி.வி.யை ஸ்குரூ போட்டு நிரந்தரமாக இறுக்காமல், இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் கழற்றும்படி மாட்டுவது இதற்காகத்தான்.

மழையாவது கண்ணுக்குத் தெரியும். ஈரக் காற்று தெரியாது. கடற்கரை ஊர் ஒன்றில் டி.வி. பழுது பார்க்கும் கடையில், வெளித் தாழ்வாரத்தில் இருந்து வந்த ஒரு டி.வி.யின் பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே துடைத்தால் புதுசு போலத்தான் இருந்தது. உள்ளே பவர் போர்டின் செம்புப் பாதைகளில் பச்சைக் களிம்பு. கனெக்டர் ஊசிகளில் வெள்ளைப் பொடி. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கருகி ஒட்டிப்போன ஒரு பல்லி. வலது பக்கத்துத் துளைகளைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. மெக்கானிக் சலிப்பில்லாமல், “வெளியில இருந்து வர்ற செட்டு எல்லாமே இப்படித்தான் சார்” என்றார்.

அந்தப் பச்சைக்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். கடல் காற்றோடு வரும் உப்புத்தூள் போர்டில் படிந்து, தினமும் விடியற்காலை மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. மின்சாரம் போகக்கூடாத வழியில் போக அந்தப் படலம் போதும். ஒரு துளி மழை படாமலே டி.வி. செத்துப்போவது இப்படித்தான். கோவையிலும் சேலத்திலும் நான்கைந்து வருடம் தாங்கும் அதே ஏற்பாடு திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய மாடியிலும் தாங்கும் என்று நம்பக்கூடாது. கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு கறாரானது: டி.வி.யை நிரந்தரமாக வெளியில் மாட்டாதீர்கள், தேவைப்படும்போது கொண்டு வந்து வையுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடும் டி.வி.யைவிட ஓடாமல் கிடக்கும் டி.வி.க்கே ஈரத்தால் ஆபத்து அதிகம். ஓடும்போது உள்ளே ஏறும் சூடு ஈரத்தை விரட்டும். பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் நிறையவே சூடாகும். இன்றைய எல்.இ.டி. அவ்வளவு சூடாவதில்லை, அதிலும் மாதக்கணக்கில் அணைந்து கிடந்தால் ஈரம் உள்ளேயே குடியிருக்கும். ஐ.பி.எல். முடிந்த பிறகு அடுத்த சீசன் வரை தொடாமல் விட்ட டி.வி.தான் மெக்கானிக்கிடம் போகிறது. தினமும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் கீழே இறக்கி வையுங்கள்.

தேவைக்கு மட்டும் கொண்டு போகிறவர்களும் கவனிக்க வேண்டும். 23 டிகிரி ஏ.சி. அறையில் இருந்த டி.வி.யை நேராக மே மாதத்துச் சென்னை மாடிக்குக் கொண்டு போனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைப் போல அதற்கும் வியர்க்கும். உள்ளே போர்டிலும் அதே நீர் கோர்க்கும். ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்து பிறகு பிளக்கைச் சொருகுவதே சரி.

பிளாஸ்டிக் உறை போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டுவது பலருக்கும் பிடித்த பாதுகாப்பு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று அரிக்கும். பின்பக்கமும் அடியும் காற்றாடும்படி விட்ட கெட்டித் துணி உறை மேல்.

அடுத்தது சூடு. பல நிறுவனங்களின் கையேட்டிலும் டி.வி. இயங்குவதற்கான உச்ச வெப்பம் 40 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதத்தில் வேலூரும் கரூரும் நிழலிலேயே அதைத் தாண்டுகின்றன. 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது. தகர ஷீட்டுக்கு ஓரடி கீழே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் காய்ந்த தகரமே அனலை வீசும். பவர் போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. ஷீட்டுக்கும் டி.வி.க்கும் நடுவில் இரண்டடியாவது விட்டு, மத்தியானத்தில் அணைத்து வைத்தால் போதும், இதைச் சமாளித்துவிடலாம்.

மத்தியானத்தில் பார்த்தாலும் படம் சரியாகத் தெரியப்போவதில்லை. ஹாலில் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ். திறந்த ஷெட்டில் பகலில் அது ஆயிரக்கணக்கில் போகும். சாதாரண டி.வி. தரும் ஒளி 250 முதல் 400 நிட் வரை. எதிரே திறந்த வானம் இருந்தால், அதன் பிரதிபலிப்பு மட்டுமே கண்ணாடியில் 100, 200 நிட் வந்து நிற்கும். இருட்டான காட்சியில் நாயகன் தெரிய மாட்டான், நம் முகமும் பின்னால் நிற்கும் தென்னையும் தெரியும். உடனே கை ரிமோட்டுக்குப் போய் வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. சூடான இடத்தில் முழு வெளிச்சத்தில் ஓடினால் பின்னால் இருக்கும் எல்.இ.டி. பட்டை சீக்கிரம் போகும். ‘சத்தம் வருது, படம் வரல’ என்று கடைக்கு வரும் டி.வி.களில் பெரும்பாலும் அந்தப் பட்டைதான் கோளாறு. திறந்த பக்கம் டி.வி.க்கு எதிரேயும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மூன்றரை மணி மேட்சைக் கீழே ஹாலில் பாருங்கள், ஏழரை மணி மேட்சுக்கு மேலே வாருங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு வெளியிடத்துக்கென்றே செய்த டி.வி. வாங்கலாமே என்று கேட்கலாம். அப்படிப்பட்டவை இருக்கின்றன. சாம்சங் 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிமுகம் செய்த ‘தி டெரஸ்’ ஒன்று. உச்ச ஒளி 2,000 நிட், தூசியையும் பீய்ச்சும் நீரையும் தாங்கும் ஐபி55 தரம். 55 அங்குலத்தின் அறிமுக விலை சுமார் 3,500 டாலர். அந்தப் பணத்துக்கு இங்கே சாதாரண 43 அங்குல டி.வி. பத்துக்கும் மேல் வாங்கலாம். பகலெல்லாம் ஓட வேண்டிய ஓட்டல் தோட்டத்துக்கு அது நியாயமான செலவு. சாயங்காலம் இரண்டு மணி நேரம் பார்க்கும் குடும்பத்துக்குத் தேவையே இல்லை.

ஆனால் இந்த மலிவுக் கணக்கைச் சிலர் வேறு திசைக்கு இழுக்கிறார்கள்: கெட்டால் தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்கலாம் என்று. காயலான் கடைக்குப் போன டி.வி. எப்படி உடைபடுகிறது, அதன் வயர் எங்கே எரிகிறது என்று பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பழைய டி.வி.க்கு மாடியில் இன்னும் நான்கு வருடம் உயிர் கொடுப்பது நல்ல காரியம். புது டி.வி.யை வாங்கி வெளியில் மாட்டி இரண்டு வருடத்தில் குப்பையாக்குவது வீண். ஈரத்தால் போனது என்று தெரிந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

அக்கம்பக்கத்தையும் எண்ண வேண்டும். டி.வி.யின் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்து இருக்கும். அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பிச் செய்தது அது. மாடியில் திரும்பி வரச் சுவர் இல்லை; அதனால் சத்தத்தைக் கூட்டுகிறோம், அது பக்கத்து மாடிக்குப் போகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணிக்கு மேல் வைத்த அளவு 45 டெசிபல். அது மெதுவாகப் பேசும் அளவு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் அடுத்த வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தாவது, ஒரு சின்ன ஸ்பீக்கரை உட்காருகிறவர்கள் பக்கத்தில் வைத்து, டி.வி.யின் சொந்தச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். சேர்ந்து பார்க்கும் நல்ல பழக்கம் தெருச் சண்டையில் முடியக்கூடாது.

இதுவரை சொன்னவற்றில் நஷ்டப்படுவது டி.வி.யும் பணமும் தூக்கமும். கடைசியாகச் சொல்வதில் உயிரே போகும். மாடி டி.வி.க்கு மின்சாரம் பல வீடுகளில் எப்படி வருகிறது? லைட் பாயிண்டிலிருந்து மெல்லிய வயர் இழுத்து, எர்த் இல்லாமல், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடித்திருப்பார்கள். மழை நின்ற பிறகு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒரு குழந்தை அந்த பிளக்கைத் தொடும். ஆர்.சி.சி.பி. என்ற கருவி, போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே இணைப்பை நொடிக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு அதைப் பொருத்த ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். சுவரில் நாலடி உயரத்தில் மூடியுள்ள சாக்கெட், மூன்று கோர் வயர், சரியான எர்த், இவை அதோடு சேர வேண்டும். இடி இடித்தால் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும்.

மாடிக்கு டி.வி. கொண்டு போக நினைக்கிறவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, வீடு முழுக்க மின்சாரம் துண்டாகிறதா என்று நீங்களே பாருங்கள். அதற்குப் பிறகு டி.வி.யை மாட்டுங்கள்.