ஊர்க்கண்ணும் ஒரு தும்மலும்

துப்பறியும் கதையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் செய்தது என்பது ஒன்று. ஆள் எப்படி என்பது இன்னொன்று. நம்முடைய மாத நாவல்கள் முதல் கேள்வியை வைத்து ஓடியவை. ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் ஒரு பஸ் பயணத்தில் வாசித்து முடித்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் ருசி தெரியும். இரண்டாவது கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொலைகாரனைக் கண்டுபிடிப்பவர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். "ஆள் எப்படி?" என்பது கிராமத்தில் தினமும் கேட்கப்படுகிற கேள்வியும்கூட. பெண் கொடுக்கும்போது, வீடு வாடகைக்கு விடும்போது, ஏதாவது காணாமல் போகும்போது. அந்தக் கேள்விக்கு ஊர் சொல்லும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம்? மார்ப்பிளைக் கிராமத்தில் உட்கார்ந்து வாசித்தால் இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

வில்லியனூரிலும் பாகூரிலுமாக இருக்கிற நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிறோம். கூட்டத்துக்குப் பெயரெல்லாம் கிடையாது. மார்ப்பிள் வரும் முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகரேஜ்' (1930) நாவலை எடுத்தபோது, ஆங்கிலத்தில் வாசிக்கக் கூடியவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் வாய்விட்டுச் சொன்னோம். இது நாவலுக்கு நல்லதாகவே அமைந்தது. புரணியால் நடக்கும் ஒரு நாவலைப் புரணி சொல்வது மாதிரியே சொல்ல வேண்டியிருந்தது.

முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது. வாசிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை சுருக்கமாக இதுதான். செயின்ட் மேரி மீட் என்கிற சிற்றூர். அங்கே எல்லோருக்கும் பிடிக்காத பெரிய மனிதர் கர்னல் புரோதரோ. அந்த ஊர் விகார் வீட்டுப் படிப்பறையில், எழுதும் மேசையிலேயே அவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். கதையைச் சொல்பவர் விகார் லெனார்ட் கிளெமென்ட். அவருக்கு வயதில் மிகவும் இளைய மனைவி கிரிசெல்டா.

முதல் எதிர்வினையே இங்குதான் வந்தது. "சாமியாருக்குப் பொண்டாட்டியா?" என்றார் வில்லியனூர் லூர்து மாதா கோயிலை வாரந்தோறும் பார்க்கிற ஓர் அக்கா. பிரெஞ்சுக்காரர்கள் வழியாகக் கத்தோலிக்கம் வந்து ஊன்றிய பகுதி இது. இங்கிலாந்துத் திருச்சபையில் சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று விளக்கிய பிறகும் அவருக்குச் சமாதானமாகவில்லை. "அப்ப அந்த வீட்ல ஏதோ நடக்கும்" என்றார். சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், நாவலில் ஊர்க் கிழவிகளும் கிரிசெல்டாவைக் கிட்டத்தட்ட இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். சாமியார் மனைவி இவ்வளவு அழகாக, இவ்வளவு விளையாட்டாக இருக்கலாமா என்பது அவர்கள் கவலை. எங்கள் அக்கா தன்னையறியாமல் அந்த ஊர்க்காரியாகிவிட்டார்.

அடுத்த எதிர்வினை சலிப்பு. கூட்டத்திலேயே இளையவரான ஒரு தம்பி, "அஞ்சு அத்தியாயம் ஆச்சு, இன்னும் டீ குடிச்சிக்கினே இருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. போலி அகழாய்வாளர், அவருடைய உதவியாளர், மர்மமாக வந்து தங்கியிருக்கும் ஒரு பெண்மணி, தேவாலயப் பணத்தைக் கையாடும் துணைப் பாதிரி என்று கிளைகள் அதிகம். பாத்திரங்களும் கிளைக்கதைகளும் அளவுக்கு மீறிவிட்டன என்று கிறிஸ்டியே பிற்பாடு சுயசரிதையில் குறைபட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் மார்ப்பிளின் முறை வேலை செய்கிறது. ஓர் ஆளைப் பார்த்ததும் தன் ஊரில் பார்த்த இன்னோர் ஆள் அவருக்கு ஞாபகம் வருவார். மிஸ் வெதர்பி வாங்கி வந்த உரித்த இறால் காணாமல் போனதைக் கண்டுபிடித்த அதே அறிவுதான் கொலையையும் கண்டுபிடிக்கிறது. மனித சுபாவம் என்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. செடிகளை இனம் பிரிப்பது மாதிரி மனிதர்களையும் இனம் பிரிக்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டமே உயிர்பெற்றது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் போடும் ஒருவர், மடை திறக்கும் தகராறுகளை வைத்தே ஊரில் யார் எப்படி என்று சொல்லிவிடலாம் என்றார். ராத்திரியில் மடையை மாற்றுகிறவர் ஒரு ரகம். மாற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்து காலையில் பஞ்சாயத்துக்கு வருகிறவர் இன்னொரு ரகம். "ரெண்டாவது ஆளுதான் டேஞ்சர்" என்றார். இதைவிடத் துல்லியமாக மார்ப்பிளின் முறையை நான் எங்கும் வாசித்ததில்லை.

எங்கள் துப்பறிவாளர் மரபில் இப்படியோர் ஆள் ஏன் வரவில்லை என்ற பேச்சும் எழுந்தது. 1894இல் நடேச சாஸ்திரியின் தானவனில் தொடங்கிப் பார்த்தால், துப்பறிகிறவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து இறங்குகிறவர். தமிழ்வாணனின் சங்கர்லால் ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறவர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நகரத்து வக்கீல்கள். தேவனின் சாம்புவுக்கு அதிர்ஷ்டம்தான் மூலதனம். ஊருக்குள்ளேயே இருந்து, ஊர்ப்பேச்சையே ஆதாரமாக்கிய கிழவி இல்லை. ஏன் என்பதற்கு, அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா ஒரே வரியில் காரணம் சொன்னார்: "கெழவி பேசினா புரணி, போலீஸ் பேசினா விசாரணை."

நாவலிலும் இதுதான் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் ஸ்லாக் யார் பேச்சையும் காதில் வாங்காதவர். பெண்கள் வீட்டிலிருந்து பார்த்தது, கேட்டது எல்லாம் அவருக்கு வெட்டிப் பேச்சு. கிறிஸ்டி இந்த வெட்டிப் பேச்சை அறிவாக உயர்த்துகிறார். 1930இல் அது சாதாரணக் காரியமில்லை என்பதில் எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே கருத்து.

சண்டை வந்தது இதற்குப் பிறகு.

டபிள்யூ. எச். ஆடன் 1948இல் துப்பறியும் கதைகளைப் பற்றி 'தி கில்ட்டி விகரேஜ்' என்ற கட்டுரை எழுதினார். அவர் வாதம் ஏறக்குறைய இப்படி: களங்கமில்லாத ஒரு சிறு சமூகம் இருக்கிறது. கொலை வந்து அதைக் கெடுக்கிறது. எல்லோர் மீதும் சந்தேகம் படிகிறது. துப்பறிபவர் குற்றவாளியைப் பிரித்தெடுத்ததும் ஊர் பழைய தூய நிலைக்குத் திரும்புகிறது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது அந்த அங்கன்வாடி அக்கா கேட்டார்: "அந்த ஊரு எப்ப நல்லா இருந்துச்சி, திரும்பிப் போறதுக்கு?"

அவர் கேட்டது பில் ஆர்ச்சரைப் பற்றி. ஆர்ச்சர் அனுமதியில்லாமல் வேட்டையாடிப் பிழைப்பவன். அதற்காக அவனைச் சிறைக்கு அனுப்பியவர் இந்தக் கர்னல்தான். அவர் நீதிபதி ஸ்தானத்தில் இருந்தவர். கொலை நடந்ததும் ஊரார் நினைவில் வருகிற பெயர்களில் ஆர்ச்சர் பெயரும் ஒன்று. அவன் அப்படிப்பட்ட ஆள்தானே! அவன் மீது சந்தேகம் விழுவதற்குத் தனியாக எந்த உழைப்பும் தேவைப்படவில்லை. "ஆள் எப்படி?" என்ற கேள்விக்கு ஊர் ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் பதில் அது.

உண்மையில் கொன்றவர்கள் கர்னலின் மனைவி ஆனும், ஓவியர் லாரன்ஸ் ரெட்டிங்கும். அதை அவர்கள் செய்த விதம்தான் இந்த நாவலின் மேதைமை என்று நினைக்கிறேன். மிஸ் மார்ப்பிள் தோட்டத்தில் இருப்பார், போகிற வருகிற எல்லோரையும் பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர் கண்ணில் படவே ஆன் அந்த வழியாக வருகிறாள், நின்று பேசுகிறாள். கையில் பையில்லை, துப்பாக்கியை ஒளித்துவைக்க உடம்பில் இடமில்லை. பிறகு ரெட்டிங்கோடு சிரித்துப் பேசிக்கொண்டு அதே பார்வையின் கீழ் திரும்பிப் போகிறாள். ஊர்க்கண்ணையே தங்களுக்குச் சாட்சியாக ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். கைப்பையில்லாமல் ஒரு பெண் வெளியே வருவாளா என்ற சின்ன உறுத்தலில்தான் மார்ப்பிள் இழையைப் பிடிக்கிறார்.

ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஊருக்காக நடிப்பார்கள். ஆனால் நடிப்பதற்கு முதலில் நல்ல பெயர் வேண்டும். ஆர்ச்சரிடம் அது இல்லை. அவன் பையில்லாமல் வந்தாலும் பையோடு வந்தாலும் கள்ளன்தான்.

இங்கே நாவலைவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது. இந்த நாவல் வெளியான 1930இல், வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்தது. 1871இல் இயற்றப்பட்டு, 1911இல் இந்த மாகாணத்துக்கும் கொண்டுவரப்பட்ட சட்டம். ஒருவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பிறப்பை வைத்து அரசாங்கமே எழுதி வைத்த ஏற்பாடு அது. மார்ப்பிளைப் படைத்த அதே தேசம்தான் இதையும் படைத்தது. ஆளை அவர் நடத்தையிலிருந்து படிப்பது ஒன்று, வகையிலிருந்து படிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மெல்லியது. அந்தச் சட்டம் பிரெஞ்சுப் பகுதியான எங்கள் ஊர்களுக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு எல்லைச் சாவடி கிடையாது. பாகூர்ப் பக்கத்தில் எது புதுச்சேரி, எது கடலூர் என்று வயல்வரப்பில் நின்று சொல்ல முடியாது. ஊர்கள் அவ்வளவு கலந்து கிடக்கின்றன.

சட்டம் போய்விட்டது. 1993இல், இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்து முதனையைச் சேர்ந்த ராஜாகண்ணு என்ற குறவர் சமூகத்து மனிதர் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுக் காவலில் செத்தார். 'ஜெய் பீம்' (2021) படத்துக்கு அடிப்படையான வழக்கு. அங்கேயும் முதலில் கேட்கப்பட்டது "ஆள் எப்படி?" என்ற கேள்விதான். பதில் தயாராக இருந்தது. ஆர்ச்சருக்கு ஒரு மார்ப்பிள் இருந்தார், தப்பித்தான். ராஜாகண்ணுவின் மனைவி பார்வதிக்கு நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏற வேண்டியிருந்தது.

இதைப் பேசி முடித்ததும் நெல் போடும் அண்ணனுக்குக் கோபம். ஓர் இங்கிலீஷ் கெழவி கதையில் இதையெல்லாம் ஏற்றலாமா என்றார். அவர் வாதத்தையும் சொல்ல வேண்டும். மார்ப்பிள் ஆளை வகைப்படுத்துவதோடு நிற்பதில்லை. எல்லோரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்க்கிறார். அதில் பெரிய வீடு, சின்ன வீடு பேதமில்லை. கர்னலைத் தீர்த்துக்கட்ட விரும்பக்கூடியவர்கள் என்று அவர் மனதில் ஏழு பேர் இருக்கிறார்கள். கிறிஸ்டியின் பாட்டியும் இப்படித்தானாம், யாரையும் நல்லவர் என்று நம்ப மாட்டார், பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருக்கும். "எல்லாரையும் சந்தேகப்படறது ஒரு நியாயம்தான். நம்ம ஊர்ல சில பேரை மட்டும்தானே சந்தேகப்படறோம்" என்றார் அண்ணன். இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. மார்ப்பிளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் அது இந்தச் சமமான அவநம்பிக்கைதான்.

ஆனாலும் மார்ப்பிளின் தோட்டத்திலிருந்து எல்லாம் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது தேநீருக்கு வந்து போகிறவர்களின் உலகம். சமையலறைப் பக்கம் நாவல் சிரிப்பதற்காக மட்டுமே போகிறது. விகார் வீட்டு வேலைக்காரி மேரி படுமோசமாகச் சமைப்பவள், மரியாதை தெரியாதவள். கிரிசெல்டா அவளை மாற்ற விரும்புவதில்லை. நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டால் வேறு வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே! எல்லோரும் ரசித்த இந்த இடத்தில், பல வருஷம் புதுச்சேரி டவுனில் வீட்டு வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. "அவ வேணும்னே அப்படிச் சமைக்கிறா. நல்லா செஞ்சா இன்னும் நாலு வேலை சேர்த்துக் குடுப்பாங்க" என்றார். கிறிஸ்டிக்கு இது தோன்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. பிரதிக்குள் அந்த வாசிப்புக்கு இடம் இருக்கிறது. மேரிக்கு ஒரு மனம் இருக்கலாம் என்று யோசித்த ஒரே வாசகர் அவர்.

நாவலின் கடைசியில் கிரிசெல்டா தாயாகப் போகிறாள். விகார் வீட்டில் சந்தோஷம். ஆடன் சொன்ன அந்தப் பழைய நிலை திரும்புகிறது. மேரிக்கோ ஆர்ச்சருக்கோ திரும்பக் கிடைத்தது என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அங்கேதான் இந்த நாவல் சின்னதாகிப்போகிறது.

ஒரு கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் உள்ளே போய் வருகிறவர்கள் யார்? தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. பாத்திரம் தேய்க்கிறவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், அங்கன்வாடிக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள். எங்கள் பக்கம் ஒரு மார்ப்பிள் எழுதப்பட்டால் அவள் இவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும். ஏனென்றால் மற்றவர்களுக்கு அவரவர் தெரு மட்டுமே தெரியும்.

கிறிஸ்டிக்கே இது ஓரளவு தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. கர்னலைக் கொன்ற குண்டு, சத்தத்தை அடக்கும் கருவி பொருத்திய துப்பாக்கியிலிருந்து வந்தது. காட்டுப் பக்கம் கேட்ட பெரிய வெடிச்சத்தம் நேரத்தைக் குழப்புவதற்காகச் செய்த ஏற்பாடு. உண்மையான சூட்டைக் கேட்டவள் பக்கத்து வீட்டு வேலைக்காரி ஒருத்தி. வாசல் கேட்டருகே நின்றவளுக்கு அது யாரோ தும்மியது மாதிரி கேட்டது. முழு வழக்கும் அந்தத் தும்மலில் இருக்கிறது. மார்ப்பிள் அதைப் பொறுக்கி எடுத்து வைக்கிறார், பெருமை மார்ப்பிளுக்குப் போகிறது.

"தும்மல் சத்தம் கேட்டுச்சே அந்தப் பொண்ணு, அவ பேரு இன்னா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆங்கிலத்தில் வாசித்த மூன்று பேருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டித்தான் தேட வேண்டியிருந்தது.