பூச்சிப் படத்தில் இல்லாதது

உங்கள் வீடு சேலையூரிலோ செம்பாக்கத்திலோ இருக்கிறது, கிணற்றோரம் ஒரு தென்னை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அதன் கீழ்மட்டைகள் அடுப்பங்கரைச் சுவர்போல் கரிபிடித்துக் கிடக்கின்றன. மரத்தடியிலுள்ள செம்பருத்தி இலைகளிலும் அதே கரி, தொட்டால் பிசுபிசுக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை எடுத்துத் தென்னைப் பகுதியைப் புரட்டுகிறீர்கள். கொம்பு முளைத்த வண்டின் படம் பெரிதாக இருக்கிறது. மூக்கு நீண்ட செவ்வண்டின் படமும் இருக்கிறது. கரிபிடித்த மட்டையின் படம் மட்டும் இல்லை.

நம் பூச்சி விளக்க நூல்களிலும் சுவர்ப் படங்களிலும் பெரும்பாலானவற்றின் மீது எனக்குள்ள குறை இதுதான். பூச்சியை முன்பே அறிந்தவருக்கு அவை நன்றாகப் பயன்படும். அறியாதவருக்கு அல்லவா கையேடு வேண்டும்? தோட்டத்தில் நம் கண்ணில் முதலில் படுவது சேதம். பூச்சியோ இரவில் வரும், தண்டுக்குள் இருக்கும், அல்லது கண்ணுக்கே தெரியாது.

இந்தப் போக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு பெரிய நூல்களைச் சொல்ல வேண்டும். ஒன்று பெயின்பிரிக் பிளெட்சர் எழுதி, 1914-இல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல். மற்றொன்று டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு. இரண்டும் ஆங்கில நூல்கள், இரண்டும் அருமையானவை. பிளெட்சர் நூலின் வண்ணப் படங்களை இன்றும் வியக்காமல் பார்க்க முடியாது. அதன் பெரும்பகுதி பூச்சிகளை வரிசை, குடும்பம் என்று பகுத்துச் செல்கிறது. பூச்சியியல் படிப்பவருக்கு அதுவே சரியான முறை. அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. பின்னால் வந்த எளிய கையேடுகளும் பூச்சியைத் தலைப்பாக வைத்தே எழுதும் அந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் கோளாறு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் குறிப்புகள் சேத அறிகுறிகளைத் தனித்தலைப்பில் தருகின்றன, இது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தலைப்பை அடைய, பூச்சியின் பெயர்ப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நெல் விளைவித்த நம் முன்னோர் இந்த வகையில் நூலாசிரியர்களைவிடக் கெட்டிக்காரர்கள். குருத்து இலை விரியாமல் வெள்ளிக் குழல்போல் நீண்டு வந்தால் அதற்கு ஆனைக்கொம்பன் என்று பெயர் வைத்தார்கள். அதைச் செய்வது கொசுவைப் போன்ற ஒரு சிறு ஈ; யானைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு சேதத்தில் இருக்கிறது. தந்தம்போன்ற குழலைக் கண்டவன் பெயரையும் கண்டுகொள்வான். வயலில் திட்டுத்திட்டாகத் தீப்பட்டதுபோல் பயிர் காய்ந்தால் புகையான். பூச்சி தூரோரம் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே மறைந்திருக்கும். கரையில் நிற்பவன் பார்ப்பது அந்தப் புகைந்த திட்டைத்தான். பெயரே ஒரு விளக்கக் கையேடு!

மொழிபெயர்த்து வந்த பெயர்கள் இப்படி உதவுவதில்லை. வெள்ளை ஈ என்கிறோம். அது ஈ அன்று. அசுவினி, தத்துப்பூச்சி இவற்றின் உறவு, இலைச் சாற்றை உறிஞ்சுவது. சிலந்தி என்கிறோம். தென்னங்காயைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தி வலை பின்னுவதும் இல்லை, பூச்சி இனமும் அன்று. அது உண்ணி வகையைச் சேர்ந்தது, நான்கே கால்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவிய அதனை நுண்ணோக்கியில் பெரிதாக்கிய படமாக அச்சிட்டால் பார்க்கச் சுவையாக இருக்கும். பயன் என்ன? வேண்டியது காயின் படம்: காம்புத் தொப்பியின் அடியிலிருந்து இறங்கும் முக்கோண வெளிறல், பிறகு பழுப்பேறி வெடித்த மட்டை, சிறுத்துக் கோணிய காய்.

முதலில் சொன்ன கரிக்கு வருவோம். மட்டையின் மேற்புறத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள மட்டையின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள். வெண்மெழுகுத் துகள் சுருள்சுருளாகக் கோலமிட்டதுபோல் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. நடு அமெரிக்காவைச் சேர்ந்த இது 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டது. அது கழிக்கும் தேன்போன்ற திரவம் கீழே சொட்டுகிறது. அந்தத் தித்திப்பில் ஒரு கரும்பூஞ்சை படர்கிறது. ஆக, நீங்கள் கண்ட கறுப்பு மரத்துக்குள் புகுந்த நோய் அன்று, மேலே படிந்த அழுக்கு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து கரியோடு உதிர்ந்துவிடும். பூச்சியைக் குறைக்க மஞ்சள் ஒட்டுப்பொறியும், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் உண்டு.

மருந்து ஏன் கூடாது என்று கேட்பீர்கள். வெள்ளை ஈயின் குஞ்சுகளைக் கைலென்சால் பாருங்கள். சில கறுத்திருக்கும். என்கார்சியா என்னும் நுண்குளவி அவற்றுக்குள் முட்டையிட்டுவிட்டது என்பதன் அடையாளம் அது. அந்தக் கறுத்த குஞ்சுகள்தாம் உங்கள் தோட்டத்தின் மருந்து. நஞ்சைத் தெளித்தால் முதலில் சாவது குளவி. ஆகவே நல்ல கையேடு ஒன்றில் கறுத்த குஞ்சின் படம் கட்டாயம் இருக்க வேண்டும். நான் புரட்டியவற்றில் அதைக் காண்பது அரிது.

2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் இதே பாடத்தைத்தான் சொன்னது. தெளித்துத் தெளித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள் அதை அடக்கின.

தாம்பரம் சுற்றுவட்டாரத்துக்கு இந்தக் குறை கூடுதலாக வலிக்கிறது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கீழிருந்த நெல்வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. இன்றைய வாசகரிடம் ஏக்கர் இல்லை. ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, மாடியில் நாலு கத்தரிச் செடி. அவரிடம் போய், நடுக்குருத்துக் காய்தல் 10 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தடி என்றால் அவர் எதை எண்ணுவார்? பொருளாதார சேத நிலை என்பது வயலுக்கு வகுத்த கணக்கு. ஒற்றை மரத்துக்கு அது பொருந்தாது. மரத்துக்குப் பத்தடியில் குடிநீர்க் கிணறு இருப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் நஞ்சைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-இலேயே தடை வந்தது. பூச்சி எதுவென்று தெரியாதவர் கடைக்காரர் கொடுத்ததை வாங்கித் தெளிக்கிறார். கையேடு கைவிட்ட இடத்தில் கடை நுழைகிறது.

கத்தரிச் செடியின் நுனி மட்டும் தலைசாய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருந்தால் அது தண்டுதுளைப்பான். கிள்ளி அழிப்பதே பாதி வைத்தியம். தென்னையில் விரிந்த ஓலை கத்தரியால் விசிறிபோல் வெட்டியதாகத் தோன்றினால் காண்டாமிருக வண்டு. அது குஞ்சு பொரிப்பது எருக்குழியில், மரத்தில் அன்று. அடிமரத் துளையில் மென்று துப்பிய நாரும் பழுப்புச் சாறும் வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு; இது உள்ளேயே இருந்து மரத்தைச் சாய்த்துவிடும், காலம் தாழ்த்தக் கூடாது. முதல் வண்டு போட்ட காயத்தின் வழியே இரண்டாவது நுழைவதும் உண்டு. இரண்டின் உருவப் படத்தையும் அடுத்தடுத்து அச்சிடும் கையேடுகள் இந்த உறவை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன.

முருங்கைக் கம்பளிப்புழுவுக்கு அஞ்சி மரத்தையே வெட்டுகிறவர்கள் நம் புறநகரில் ஏராளம். அவை அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக் கிடப்பதை ஒரு படம் காட்டியிருந்தால் போதும். ஒரே இடத்தில் குவிந்திருப்பதைத் தீப்பந்தம் காட்டி அழிப்பது பத்து நிமிட வேலை.

எலுமிச்சைக்கு மட்டும் நூல்கள் தாராளமாக ஒரு முழு வண்ணப் படம் தருகின்றன: கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகு விரித்த அழகிய பட்டாம்பூச்சி. உங்கள் செடியின் இளந்தளிரைத் தின்றுகொண்டிருப்பதோ அதன் புழு. இளமையில் அச்சாகப் பறவை எச்சம்போலவே இருக்கும். அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். அடுத்த முறை அந்த எச்சத்தை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள், அது நகரும்.