எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியபோது, அதே நாளில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை 2-1 என்று வென்றும் ஒரே ஒரு புள்ளியால் பின்தங்கிப்போன ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கணக்கில் மேலும் ஓர் ஆண்டு ஏறிற்று. 2003-04 பருவத்துக்குப் பிறகு தேசிய லீக் பட்டம் கிட்டாத ஆண்டுகளை வங்காளத்து அபிமானிகள் விரல்விட்டு எண்ணிவந்த கணக்கு அது. 43 புள்ளி பெற்று வென்ற கழகம் சில பருவங்களுக்குள் அந்த லீகிலிருந்தே மறைந்துவிட்டது. 42 புள்ளி பெற்றுத் தோற்ற கழகமோ அடுத்த ஆண்டிலேயே, அதுவரை எதிர்முகாமாக இருந்த இந்தியன் சூப்பர் லீகில் இடம்பெற்று, தன் வறட்சியையும் உடன் சுமந்துகொண்டு போயிற்று. பத்திரிகைகள் கோப்பை வறட்சி என்று தலைப்பிட்டு ஆண்டுகளை எண்ணும் வழக்கத்தின் வலிமையும் வழுவும், இப்படி இரண்டு போட்டி லீகுகள் ஒன்றாகும் இடத்தில்தான் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன.

அவ்வழக்கத்தை வெறும் பரிகாசம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, நெடுஞ்சாலையோரமாக வளர்ந்துவிட்ட எங்கள் வடக்குத்தில், சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வுபெற்றவர்கள் காலை வேளையில் டீக்கடை பெஞ்சில் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பங்கிட்டுப் படிக்கையில், ரஞ்சி கோப்பை என்ற பெயர் எழுந்துவிட்டால் யாரேனும் ஒருவர் “எண்பத்தெட்டோட சரி” என்று சொல்லாமல் விடுவதில்லை. 1954-55இல் இந்தூர் சென்று ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்று முதன்முறையாகவும், 1987-88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேயை வீழ்த்தி இரண்டாம் முறையாகவும் கோப்பையைக் கொண்டுவந்த தமிழ்நாடு, அதன் பின்னர் 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 ஆகிய ஆறு பருவங்களில் இறுதி ஆட்டம் வரை சென்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. சங்க நிர்வாகிகள் மாறுகிறார்கள், தேர்வாளர்கள் மாறுகிறார்கள், பயிற்சியாளர்களும் தலைவர்களும் வந்துபோகிறார்கள். ஒவ்வொருவரும் தம் பதவிக்காலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அரையிறுதி வரை வந்தோம், இளைஞர்களை உருவாக்கினோம் என்று சமாதானம் கூற வழியிருக்கிறது. பதவிக்காலங்களைப் பொருட்படுத்தாமல் நீண்டுகொண்டே போகும் அந்த எண் ஒன்றுதான் அவர்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. ஸ்தாபனங்களின் ஞாபகமறதிக்கு எதிராகச் சாமானிய ரசிகனுக்குக் கிடைத்த ஆயுதம் இதுவே என்பது என் அபிப்பிராயம். அதே எண், விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறையும், சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2020-21, 2021-22 பருவங்களில் அடுத்தடுத்தும் தமிழ்நாடு வென்றதைக் கண்டுகொள்வதேயில்லை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். தான் மதிக்கும் ஒரு கோப்பையைத் தவிர மற்றவை அதன் கண்ணுக்கு அகப்படா.

எண்ணுவது இருக்கட்டும், எங்கிருந்து எண்ணுவது? இவ்வழக்கத்தின் முதல் வழு இங்கேதான். கால்பந்து என்று பெயர் கொண்டிருந்தாலும் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும் அமெரிக்கரின் ஆட்டத்தில் இக்கேள்வி எழுந்த வரலாறு விசேஷமானது. தேசியக் கால்பந்து லீக் புதிய அணிகளுக்கு எளிதில் இடம் தராமலிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு எட்டு அணிகளோடு அமெரிக்கக் கால்பந்து லீக் என்னும் எதிர்ஸ்தாபனம் தோன்றி, கல்லூரி வீரர்களைப் பணம் கொடுத்துப் போட்டியிட்டு இழுத்து, தொலைக்காட்சி வருவாயைத் தன் அணிகளுக்குள் சமமாகப் பங்கிட்டு வளர்ந்து, 1966 ஜூனில் பகைமையை முடித்துக்கொள்ள இருதரப்பும் உடன்பட்டு, 1970ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து தன் பத்து அணிகளோடும் முழுமையாகப் பழைய லீகில் சங்கமமாயிற்று. இரு லீகுகளின் வெற்றியாளர்களும் மோதிய ஆட்டமே சூப்பர் பவுல். 1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று கவிழ்த்ததும், 1970 ஜனவரியில் கான்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் மின்னசோட்டாவை 23-7 என்று வீழ்த்தியதும், புதிய லீகைப் பொழுதுபோக்குக் கூட்டம் என்று இகழ்ந்தவர்களின் வாயை அடைத்தன.

அந்த இரண்டு வெற்றிகளுக்குப் பின் என்ன நேர்ந்தது என்பதே வறட்சிக் கணக்கின் முதல் பாடம். சீஃப்ஸ் அடுத்த கோப்பையைத் தொட 2020 பிப்ரவரி வரை, சரியாக ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது. ஜெட்ஸ் 1969க்குப் பின் இன்னொரு சூப்பர் பவுல் ஆட்டத்துக்குக்கூடச் செல்லவில்லை. ஆனால் இவ்விருவரின் கணக்கிலாவது ஐயமில்லை, ஏனெனில் இருவர் வென்றதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட கோப்பை. பஃபலோ பில்ஸின் நிலைமை அப்படியன்று. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது அமெரிக்க லீகின் சாம்பியன். இரண்டு முறையும் சான் டியாகோ சார்ஜர்ஸை வென்றே பட்டம் பெற்றது. பின்னர் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் இறுதிகளுக்குப் போய் நான்கிலும் தோற்றது. முதலாவதில் 20-19 என்ற ஒரு புள்ளித் தோல்வி, கடைசி நொடிகளில் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து வலப்புறம் விலகிப் போனதன் விளைவு. இந்த அணியைப் பற்றிப் பட்டியல்கள் கோப்பையே வெல்லாதது என்று எழுதுகின்றன. சார்ஜர்ஸின் 1963 பட்டமும், ஹூஸ்டன் ஆயிலர்ஸின் 1960, 1961 பட்டங்களும் அவ்வாறே மறைக்கப்படுகின்றன. தேசிய லீகோ அமெரிக்க லீகின் ஆட்டக் கணக்குகளையெல்லாம் தன் ஆவணங்களில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஏட்டில் உள்ள பட்டம் எண்ணிக்கையில் இல்லை என்னும் வினோதம் நேர்கிறது.

ஆயிலர்ஸின் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1997இல் அவ்வணி ஹூஸ்டனை விட்டு டென்னசிக்குக் குடிபெயர்ந்து, 1999இல் டைட்டன்ஸ் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் ஒரு கெஜ தூரம் எட்டாமல் 23-16 என்று தோற்றது. 1961இலிருந்து வளர்ந்துவரும் வறட்சி இப்போது நாஷ்வில் நகரத்தாருடையதா, ஹூஸ்டன் நகரத்தாருடையதா? பட்டம் வென்றபோது கைதட்டியவர் ஓரூரார், அதற்குப் பின் வாடியவர் வேறூரார் என்றால், கணக்கை யார் பேரில் எழுதுவது என்பதற்குப் பட்டியல்களில் விடையில்லை.

எண்ணத் தொடங்கும் ஆண்டைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வென்றுநின்ற ஸ்தாபனத்தாரே. நெய்வேலியின் வயதைக் கேட்டால் நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956இலிருந்து ஒருவர் சொல்வார். சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் விட்டுக்கொடுத்து வந்தவருக்கு அந்த ஆண்டு தொடக்கமாக இராது. நம் நாட்டு ரஞ்சி கோப்பையிலும் இதே நிலைமை. 2022 ஜூனில் பெங்களூரில் மத்தியப் பிரதேசம் மும்பையை வீழ்த்தியபோது முதல் பட்டம் என்றே எங்கும் எழுதினார்கள். இந்தூரைத் தலைநகராகக் கொண்ட ஹோல்கர் சமஸ்தானத்தின் அணி 1945-46 தொடங்கி 1952-53 முடிய நான்கு முறை அதே கோப்பையை வென்றிருக்கிறது. சமஸ்தானம் மத்தியபாரதத்தோடும் பின்னர் மத்தியப் பிரதேசத்தோடும் இணைந்ததனால் அந்த நான்கும் யாருடையவும் அல்லாமல் போயின. சென்னை மாநிலத்தின் அணி தமிழ்நாடு என்று பெயர் மாறியபோது 1954-55 பட்டம் மட்டும் நமக்குத் தொடர்ந்து கைவந்தது. எல்லைகள் இங்கும் திருத்தப்பட்டன என்பதை நினைத்தால் இவ்வேறுபாட்டுக்கு வலுவான தர்க்கம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. மோகன் பகானின் விஷயம் அதைவிட நூதனமானது. 2019-20 பருவத்தில் ஐ-லீகை மோகன் பகான் வென்றது, அதே பருவத்தில் சூப்பர் லீகை ஏ.டி.கே. கழகம் வென்றது, அடுத்த சில மாதங்களில் இவ்விரண்டும் ஒரே அணியாயின. இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் ஒரு சட்டைக்குள் புகுந்த பிறகு ஏ.டி.கே.யின் மூன்று சூப்பர் லீக் பட்டங்களைப் பகானின் அபிமானிகள் தமதென்று கொண்டாடவில்லை. அவர்களுடைய நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

இரண்டாவது வழு கணிதத்தைச் சார்ந்தது. சமபலமுள்ள 32 அணிகள் ஆடும் லீகில், எந்த ஓர் அணியும் 32 ஆண்டுகள் பட்டமின்றி இருப்பதற்கான சாத்தியம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்; ஐம்பது ஆண்டுகள் என்றாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எந்தக் குற்றமும் செய்யாமலே ஆறு அணிகள் அரை நூற்றாண்டு வறண்டு கிடக்கும் என்பதே இதன் பொருள். அமெரிக்க லீகின் பத்துப் பருவங்களில் தொடக்க எட்டு அணிகளுள் ஆறு பட்டம் பெற்றன என்றால், அது அவர்களின் வீரத்தோடு எட்டு முதல் பத்து அணிகளே ஆடியதன் பலனும் ஆகும். ஆகவே இணைப்புக்குப் பின் வந்த நீண்ட வறட்சியை அணியின் இழிவாக மட்டும் காட்டுவது பெருந்தவறு.

மூன்றாவது வழுவே எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. வறட்சியை எண்ணுவதற்கு முதலில் அணி உயிரோடிருக்க வேண்டும். அணியே இல்லாமல் போனால் எண்ணிக்கையும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் எதிர்லீகின் பத்து அணிகளும் பெயரோடும் கணக்கோடும் உள்ளே அழைத்துக்கொள்ளப்பட்டன. இந்தியாவிலோ சூப்பர் லீக் 2014இல் தோன்றி, 2019இல் நாட்டின் தலையாய லீக் என்ற அங்கீகாரத்தைப் பெற்றபோது, ஐ-லீகின் சாம்பியனுக்கு ஆட்டத்தால் மட்டும் மேலேறும் வழி இல்லை. முதலீட்டாளரைத் தேடிக்கொண்ட பெருங்கழகங்கள் முன்வாசல் வழியே நுழைந்தன. 2020-21, 2021-22 பருவங்களில் இருமுறை தொடர்ந்து வென்ற கோகுலம் கேரளாவுக்கும் கதவு திறக்கவில்லை. 2022-23 சாம்பியனான பஞ்சாபுக்குத்தான் முதன்முதலில் பட்டத்தால் உயர்வு கிட்டியது. பெட்ரோ மான்சியின் 21 கோல்களோடும் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் வழிகாட்டலோடும் கோவையில் வென்ற சென்னை சிட்டிக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவேயில்லை. கிரிக்கெட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2007இல் எழுந்த இந்தியன் கிரிக்கெட் லீகை இந்தியக் கிரிக்கெட் வாரியம் விலக்கிவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பஞ்ச்குலாவில் அந்த லீகின் முதல் இருபது ஓவர் கோப்பையைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது. அதன் ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வமான இடம் இல்லை என்பதால் இன்று சென்னையின் பட்டங்களை எண்ணும் ரசிகர் எவரும் அதைச் சேர்ப்பதில்லை.

வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணுபவர் எந்தக் கோப்பை, எத்தனை அணிகளுக்கிடையே, எந்த ஆண்டிலிருந்து என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுதினால் பெரும்பாலான குறை தீரும். அவ்வாறு எழுதினால் பில்ஸின் வறட்சி 1965இலிருந்து தொடங்கும், சூப்பர் பவுலின் பேரில் அன்று. இந்தூருக்கு 2022இல் கிடைத்தது ஐந்தாவது கோப்பையாகும். ஈஸ்ட் பெங்காலின் லீக் வறட்சியைச் சூப்பர் லீகில் சேர்ந்த 2020இலிருந்து எண்ணி இளமையாக்கவும் கூடாது, 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசாவை 3-2 என்று வென்று அது பெற்ற சூப்பர் கோப்பையைச் சொல்லாமல் விட்டு மிகைப்படுத்தவும் கூடாது. சென்னை சிட்டியின் 2018-19 பட்டத்துக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் அடுத்த வரி எழுத இயலாது. அப்பட்டத்தை எவரும் மறுக்கவில்லை, தொடர்ந்து ஆட அணிதான் இல்லை.