பார்பியானாவின் மடல்: சொல்லும் சமத்துவமும்

சமூகத்தைக் குறித்துச் சிந்திப்போர் செல்வம், அதிகாரம், குடிப்பிறப்பு ஆகியவற்றை ஆராய்வர். ஆனால் அச்சிந்தனை எவருடைய மொழியில் நிகழ்கிறது, எவருக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது என வினவுவோர் சிலரே. 1967ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் வெளிவந்த ‘ஆசிரியைக்கு ஒரு கடிதம்’ என்னும் நூல் அவ்வினாவையே உயிர்நாடியாகக் கொண்டது.

மலையகச் சிற்றூரான பார்பியானாவுக்கு 1954இல் அனுப்பப்பட்ட அருள்தந்தை லொரன்சோ மிலானி, உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளிகளில் தோல்வியுற்று வெளியேறியோருக்கு அது புகலிடமாயிற்று. மனிதரைச் சமமாக்குவது மொழியே என்பது அவரது துணிபு. தன் எண்ணத்தை எடுத்துரைக்கவும் பிறர் உரைப்பதைப் புரிந்துகொள்ளவும் வல்லவனே சமத்துவம் பெற்றவன் என அவர் கருதினார். ஆகவே அங்கே நாளிதழும் பாடநூலாயிற்று.

நூலை எழுதியோர் மாணவர் எண்மர். அவர்கள் எழுதிய முறையே ஒரு சமூகச் சிந்தனை எனலாம். எண்ணங்களைத் தனித்தனித் தாள்துண்டுகளில் குறித்தனர், ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கினர், அடுக்குகள் இயல்களாயின. பின்னர் மிகைச்சொல்லையும் அருஞ்சொல்லையும் நீண்ட தொடரையும் களைந்தனர். இறுதியாக, அதிகம் படிக்காத வெளியாரை அழைத்து உரக்க வாசிக்கச் செய்து, தாம் கருதியதே அவர்களுக்கு விளங்கிற்றா எனச் சோதித்தனர். வாசிப்பவனுக்கு விளங்காவிடில் குறை எழுதியவனுடையதே என்னும் அறம் இதில் அடங்கியுள்ளது.

ஏழை வீட்டு ஜான்னியும் மருத்துவர் மகன் பியெரினோவும் இந்நூலின் இரு முனைகள். பள்ளியின் மொழியை வீட்டிலேயே பெற்றுவரும் ஒருவனையும், அதனை அயல்மொழிபோல் எதிர்கொள்ளும் மற்றொருவனையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகாது என்னும் வாதம் புள்ளிவிவரங்களோடு நிறுவப்படுகிறது.

குறையும் உண்டு. கடிதம் பெறும் ஆசிரியைக்கு இந்நூலில் குரலே இல்லை. அவரும் ஓர் அமைப்பின் பணியாளரே என்பதை இளைஞரின் சினம் மறைத்துவிடுகிறது. உரையாடலை நாடிய நூல் இவ்விடத்தில் தீர்ப்பாகச் சுருங்குகிறது. மேலும், சொல் வாய்த்ததனால் மட்டும் நிலமும் கூலியும் வந்துவிடா. எனினும் அவற்றைக் கேட்பதற்கேனும் சொல் வேண்டுமே!

நூல் வெளிவந்த மறுமாதமே, 44ஆம் வயதில் மிலானி மறைந்தார். 1958இல் அவரது முந்தைய நூலை விற்பனையிலிருந்து விலக்கச் செய்தது திருச்சபை; 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறையில் செபித்தார். அந்த மரியாதையோடு நம் கடன் தீர்ந்துவிடாது. ஏழைகளைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளை ஏழை ஒருவரிடம் வாசித்துக் காட்ட நம்மில் எத்தனை பேர் துணிவோம்?