செய்தி எழுதும் மாணாக்கரும் நன்னூற் குற்றங்களும்

மாணாக்கர் எழுதிய செய்தியை ஆசிரியர் சிவப்பு மையினாற் திருத்திக் கொடுப்பது நெடுங்கால வழக்கு. இதனால் ஏட்டிலுள்ள பிழை நீங்கும். எழுதியவனிடத்து மாற்றம் நிகழ்வது அரிது. தன் எழுத்தைத் தானே ஆராய்வதற்கு அவனுக்கோர் அளவுகோல் வேண்டும். பவணந்தியார் நன்னூற் பாயிரத்துட் தொகுத்த பத்துக் குற்றங்களே அதற்குப் போதுமானவை என்பது எம் கருத்து.

கண்டி மாணாக்கர் விரும்பி எழுதும் பொருள் எசல பெரஹரா. “கண்டி மாநகரில் வெகு விமரிசையாக நடைபெற்ற பெரஹராவைக் காண மக்கள் வெள்ளம் அலைமோதியது” என்னும் பாங்கிலேயே அச்செய்திகள் பெரும்பாலும் தொடங்கும். இதில் இலக்கண வழு இல்லை. ஆகவே சிவப்பு மை வாளாவிருக்கும். ஆயினும் இவ்வாக்கியம் எந்த ஆண்டுக்கும் எந்த இரவுக்கும் பொருந்துவது. கும்பல் பெரஹரா ஐந்து இரவும், அதன்பின் ரந்தோலி பெரஹரா ஐந்து இரவும் நடைபெறுமே, இவன் கண்டது எது? தலதா மாளிகை ஊர்வலத்தின் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகியோரின் தேவாலய ஊர்வலங்கள் செல்வதையேனும் கூறினானா? (நம் முருகனும் கண்ணகியும் அங்கே உலாவருவதைத் தமிழ் மாணாக்கன் காணாது விடுவது வியப்பே.) “வெகு விமரிசை” மிகைபடக்கூறல், நாளும் விவரமும் இல்லாமை குன்றக்கூறல். ஒரே வாக்கியத்தில் இரண்டும் உள. அடைமொழியை நீக்கிய இடத்தில் வைப்பதற்கு விவரம் ஒன்றும் இல்லையாயின், மாணாக்கன் மீண்டும் சென்று விசாரித்து வரல் வேண்டும். திருத்தத்திற் பாதி அங்கேயே நிகழ்கின்றது.

மயங்கவைத்தல் இவற்றினும் கொடிது. கண்டிக்கு அப்பால், பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கினர் என முதலிற் செய்தி பரவியது. பின்னர் அவ்வெண் பெரிதும் குறைந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகளும் இருந்தனர். இத்தகைய வேளையில் “எனக் கூறப்படுகின்றது” என்று எழுதுவது எளிது. கூறியவர் யார்? எப்பொழுது, எதனைக்கொண்டு எண்ணினார்? செயப்பாட்டுவினை வந்த இடந்தோறும் எழுவாயைத் தேடுமாறு மாணாக்கனைப் பழக்கினால், தோட்டத்து மக்களின் உயிர்க்கணக்கை வாய்ச்சொல்லாக எழுதிவிட அவன் கை கூசும்.

நன்னூலாரோடு நாம் உடன்படவியலாத இடமும் ஒன்றுண்டு. சென்றுதேய்ந்திறுதல் நூலுக்குக் குற்றம். செய்திக்கு அதுவே முறை. பத்திரிகையில் இடம் போதாதபோது கடைப்பந்தியே முதலில் வெட்டுண்ணும். கட்டுரைப் பயிற்சியில் முடிவுரைக்கெனச் சிறந்ததைச் சேமித்துப் பழகியவனோ, இறந்தவரின் பெயரைக்கூட இறுதியில் வைக்கின்றான். அவன் தன் கடைப்பந்தியைக் கையால் மறைத்துவிட்டு எஞ்சியதைப் படிக்கட்டும்; நிகழ்ந்தது விளங்கவில்லையாயின் முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதட்டும்.