இடம்பெறாப் பாடல்

ஒரு தொகுதியுள் இடம்பெற்றவை யாவும் சிறந்தவை என்றும், இடம்பெறாதவை யாவும் தாழ்ந்தவை என்றும் கருதுதல் பெரும்பாலார் இயல்பு. இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை இசைப்பாடல்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கர்ணன் கதையை இக்கால வாழ்வோடு பொருத்தி மணிரத்னம் இயக்கிய ‘தளபதி’ என்னும் திரைப்படம் 1991ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்தது. இளையராஜா இசையமைக்க, வாலி பாடல்களை இயற்றினார். அவற்றுள் கே. ஜே. யேசுதாசும் எஸ். ஜானகியும் இணைந்து பாடிய ‘புத்தம் புதுப் பூ பூத்ததோ’ என்பதும் ஒன்று. ஒலிநாடாவில் இடம்பெற்ற அப்பாடல் படத்தில் இடம்பெறவில்லை. சிறுவனாயிருந்தபோது கப்பல்துறையில் உறவினர் வீட்டிலே அதனைப் பன்முறை கேட்டு மகிழ்ந்த யான், பின்னொரு நாள் படத்தைக் கண்டபோது, அஃது இப்பொழுது வரும், இப்பொழுது வரும் என இறுதிவரை காத்திருந்து ஏமாந்தேன். அத்துணை இனிய பாடலை விலக்கியவர் இசையறியாதவர் என்றே அன்று எண்ணினேன். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பிற்காலத்தே உணர்ந்தேன்.

அப்படத்தின் உயிர் நட்பும் தாய்மையுமாம். சூரியாவுக்கும் சுப்புலட்சுமிக்கும் இடையே தோன்றும் காதல் சில காட்சிகளில் அரும்பி, மலருமுன் முறிந்துவிடுகின்றது. அக்காதலைப் பாடுதற்குச் ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ என்னும் பாடல் உண்டு. போர்க்கோலமும் பிரிவும் கலந்த அதன் கற்பனைக் காட்சி, பின்வரும் பிரிவுக்கு முன்னறிவிப்பாகவும் அமைகின்றது. மலர்ச்சியை மட்டுமே பாடும் பிறிதோர் இணைப்பாடல் அங்குப் புகுமாயின், நம் இலக்கணநூலார் குற்றங்களுள் வைத்தெண்ணிய ‘மிகைபடக் கூறல்’ நேர்ந்திருக்கும். எனவே பாடல் சிறந்தது என்பதும், அதனை விலக்கியமை தக்கது என்பதும் ஒருங்கே உண்மையாதல் கூடும். உறுப்பின் அழகு வேறு. முழுமையின் அமைதி வேறு.

விலக்கு எல்லாம் இத்தகையன அல்ல. பின்னாளில், 2016ஆம் ஆண்டில், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், ‘இன்ஃபிடெல்ஸ்’ என்னும் இசைத்தட்டுக்காக 1983ஆம் ஆண்டில் ‘பிளைண்ட் வில்லி மக்டெல்’ என்னும் பாடலைப் பதிவு செய்தார். 1959இல் மறைந்த கறுப்பினப் பாடகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அப்பாடலை அவர் இசைத்தட்டில் சேர்த்தாரல்லர். ‘தளபதி’ வெளிவந்த அதே 1991ஆம் ஆண்டிலேதான் அது முறையாக வெளியிடப்பட்டது. இன்று அதனை அவருடைய தலைசிறந்த பாடல்களுள் ஒன்றாகத் திறனாய்வாளர் பலர் போற்றுகின்றனர். பாடியவரோ அது முழுமை பெறாதது என்றே கருதினார். ஈண்டு விலக்குக்குக் காரணம் முழுமையின் அமைதியன்று, ஆக்கியோனின் மனநிறைவின்மையே. ஆக்கியோன் தன் படைப்பைத் தான் எண்ணியதனோடு ஒப்பிடுவான். கேட்போர் தாம் கேட்ட பிறவற்றோடு ஒப்பிடுவர். அளவுகோல் வேறாதலின் முடிபும் வேறாயிற்று.

மூன்றாவது வகை நமக்கு இன்னும் அணுக்கமானது. திருஞானசம்பந்தர் சோழநாட்டுத் திருவிடைவாய்க்குப் பாடிய பதிகம் தேவார ஏடுகளில் இடம்பெறவில்லை. அத்தலத்துக் கோயிற் கல்வெட்டிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது. இப்பொழுது அது மூன்றாந் திருமுறையின் இறுதியிற் சேர்த்துப் பதிப்பிக்கப்படுகின்றது. நம் திருகோணமலைப் பதிகம் விளங்குவதும் அம்மூன்றாந் திருமுறையிலேயாம். ஒன்று ஏட்டிலே வாழ்ந்தது. மற்றையது கல்லிலே காத்திருந்தது. திருவிடைவாய்ப் பதிகத்தைத் தகுதியற்றதென்று எவரும் தள்ளினாரல்லர். அது கைமாறி வந்த வழியிலே விடுபட்டது.

ஆகவே இடம்பெறாமை என்னும் ஒரு சொல்லுக்குள்ளே அமைதி கருதிய விலக்கு, ஆக்கியோனின் ஐயம், வழக்கிழப்பு என மூவேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. இவற்றுள் எதுவும் பாடலின் தரத்துக்குத் தீர்ப்பாகாது. அதேபோல், மறைந்து கிடந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒன்றை மாணிக்கமெனப் புகழ்தலும் பிழையே. கிடைத்தற்கரிது என்பது ஒரு பொருளின் விலையை உயர்த்தலாம், சுவையை உயர்த்தாது. பாடலைத் தனியே நிறுத்தி, அது தானே நிறைவுடையதா என்று காண்டலே திறனாய்வாளன் கடன். அவ்வாறு காணுமிடத்து ‘புத்தம் புதுப் பூ பூத்ததோ’ படத்தின் துணையின்றியே நிற்கின்றது. காட்சி ஒன்று அதனோடு பிணைக்கப்படாமையால், கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் நினைவை அதனோடு பிணைத்துக் கொள்ளவும் முடிகின்றது.

பல்கலைக்கழகத்துள் இடம்பெறாது, பகலிற் கற்பித்து இரவிற் கற்று, வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன் யான். ஆண்டுதோறும் மாணவர் கட்டுரைகளுட் சிலவற்றைத் தெரிந்து மலருக்கு அனுப்பும் பணியும் எனக்கு உண்டு. பக்கங்கள் சில; கட்டுரைகள் பல. எஞ்சியவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது மாணவர் முகம் வாடுதல் காண்கின்றேன். முன்னெல்லாம் ஒன்றுங் கூறாது கொடுத்துவிடுவேன். இப்பொழுது, விடப்பட்டது ஏன் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறுகின்றேன். குறையுடையதாயின் குறையையும், இடமின்மையாயின் இடமின்மையையும் மறையாது சொல்கின்றேன். இரண்டையும் ஒன்றென மயங்கி ஓர் இளைஞன் எழுதுகோலைக் கீழே வைப்பானாயின், அவ்விழப்பை ஈடுசெய்யக் கல்வெட்டும் இராது, ஒலிநாடாவும் இராது.